ஐந்து டாலர் பங்கு: பேங்கை விட்டு கிரெடிட் யூனியனுக்கு மாறுவது எப்படி

ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளைகள் வகுப்பில் உயிர்மெய் எழுதிக்கொண்டிருக்க, பெற்றோர் நாங்கள் பள்ளி வராந்தாவில் ஃபிளாஸ்க் காபியோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவோம். போன மாதம் அங்கேதான் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, கிரெடிட் யூனியன்னா நம்மூர் சீட்டுக் கம்பெனி மாதிரியா? போட்ட காசு திரும்பி வருமா?" அவர் டெட்ராய்ட் பக்கம் வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. பதில் சொல்ல வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் ஓடிவந்த பிறகு யார் பேச முடியும்? அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். கிரெடிட் யூனியன் என்றால், உறுப்பினர்களே சொந்தக்காரர்களாக இருந்து, பேங்க் மாதிரியே சேமிப்பும் கடனும் நடத்தும் சங்கம்.

நான் இருப்பது மிச்சிகனில், கேன்டனில். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பே-ரோல் வேலை. 140 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடுகிறேன். அப்பா பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமக் கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆக, சம்பளப் பட்டியலும் தெரியும், 'சொசைட்டி' என்றால் என்ன என்பதும் தெரியும். ஆனாலும் பதினாறு வருடமாக பேங்கைத் தவிர வேறொன்றை நினைத்துப் பார்த்ததில்லை. வந்து இறங்கிய முதல் வாரம் ஆபீஸில் கைகாட்டிய கிளையில் கணக்கு திறந்தேன். அப்படியே இருந்துவிட்டேன்.

யோசிக்க வைத்தது 60 டாலர். வேலை மாறியபோது புதுச் சம்பளத்தைக் கணவரோடு சேர்ந்த கணக்குக்குத் திருப்பினேன். என் பழைய கணக்கில் சம்பளம் விழாததால் சலுகை போய், மாதம் 12 டாலர் 'பராமரிப்புக் கட்டணம்' பிடிக்க ஆரம்பித்தார்கள். ஐந்து மாதம் கழித்துத்தான் கவனித்தேன். ஊர்க் கணக்கைப் பைசா சுத்தமாகப் பார்க்கிறவள் சொந்தக் கணக்கைத் திறந்து பார்க்கவில்லை, அது என் தப்பு. போன் போட்டேன். 40 நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் வந்து, நல்லெண்ணத்தின் பேரில் இரண்டு மாதக் காசை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றார். யார் காசுக்கு யார் நல்லெண்ணம்!

அந்த ஏப்ரலில்தான் அதே பேங்கின் ப்ராக்ஸி அறிக்கை, அதாவது ஆண்டுக் கூட்டத்தில் ஓட்டுப் போடப் பங்குதாரர்களுக்கு அனுப்பும் அறிக்கை, இமெயிலில் வந்தது. என்றோ வாங்கிப் போட்ட 11 பங்கு என் பெயரில் இருக்கிறது. வருடாவருடம் திறக்காமலே அழித்துவிடுவேன். அன்றைக்குக் கோபத்தில் திறந்தேன். ராத்திரி ஒரு மணி வரை படித்தேன். நீங்களும் முதலில் அதைத்தான் படிக்கவேண்டும்.

பெரியவர் சம்பளத்தைப் படிப்பது

பங்குச் சந்தையில் இருக்கிற பேங்குகள் ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் இந்த அறிக்கையை, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு ஆணையமான எஸ்.இ.சி.யிடம் தாக்கல் செய்தாக வேண்டும். படிவத்தின் பெயர் 'டெஃப் 14ஏ'. எஸ்.இ.சி.யின் 'எட்கர்' தளத்தில் பேங்க் பெயரைப் போட்டு இந்தப் படிவத்தைத் தேடினால் காசில்லாமல் கிடைக்கும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரலில் புதியது வந்துவிடும். நூறு பக்கத்துக்குக் குறையாது, பயப்படவேண்டாம். 'சம்மரி காம்பன்சேஷன் டேபிள்' என்று அதற்குள் தேடுங்கள். ஒரே அட்டவணை. தலைமை அதிகாரி, நிதி அதிகாரி, அவர்களுக்கு அடுத்தபடியாக அதிகம் வாங்கும் மூவர், மூன்று வருடக் கணக்கு.

சம்பளக் கட்டம் மடு, பங்குக் கட்டம் மலை. ஜே.பி. மார்கன் சேஸ் தலைவர் ஜேமி டைமனுக்கு 2024ஆம் வருட வேலைக்காக இயக்குநர் குழு தீர்மானித்தது 3 கோடியே 90 லட்சம் டாலர். அதில் அடிப்படைச் சம்பளம் 15 லட்சம், ரொக்க போனஸ் 50 லட்சம். மீதி 3 கோடியே 25 லட்சமும் பங்காகத்தான். அதே வருடத்துக்கு பேங்க் ஆஃப் அமெரிக்காவின் பிரையன் மொய்னிஹனுக்கு மூன்றரைக் கோடி, சிட்டியின் ஜேன் ஃபிரேசருக்கு 3 கோடியே 45 லட்சம்.

பேப்பரில் படித்த தொகையும் அட்டவணைத் தொகையும் ஒத்துப்போகாது. 'தப்பாகப் படிக்கிறோமோ' என்று குழம்பாதீர்கள். 2024 வேலைக்கான பங்கை 2025 ஜனவரியில்தான் கொடுப்பார்கள். அட்டவணையோ கொடுத்த வருடத்தில்தான் அதைக் காட்டும். அப்புறம் 'இதர' என்று ஒரு கட்டம் இருக்கும். அதன் அடிக்குறிப்பைக் கண்ணை இடுக்கிக்கொண்டு படியுங்கள். சொந்தப் பயணத்துக்குக் கம்பெனி விமானம், கார், வீட்டுக் காவல் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஆனால் தொகையைப் பார்த்து வயிறெரிவதோடு நிறுத்திவிட்டால் படித்தது வீண். அட்டவணைக்கு முந்தின பக்கங்களில், எதற்காக அவ்வளவு கொடுத்தோம் என்று குழு விளக்கம் சொல்லியிருக்கும். அதுதான் முக்கியம். எங்கள் கம்பெனியில் ஒரு வருடம் கிடங்குக்காரர்களுக்கு, அனுப்பும் பெட்டியின் எண்ணிக்கையை வைத்து போனஸ் என்று அறிவித்தார்கள். ஒரே மாதத்தில் பெட்டியெல்லாம் பாதி சைஸுக்கு வந்துவிட்டது! போனஸை எந்த எண்ணில் கட்டிவிடுகிறீர்களோ அந்த எண் வளரும், மற்றது எக்கேடு கெட்டாலும் சரி.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியது வெல்ஸ் ஃபார்கோ. ஒரு வாடிக்கையாளர் தலையில் எட்டு கணக்காவது இருக்கவேண்டும் என்பது அங்கே தாரக மந்திரம். எத்தனை கணக்கு விற்றோம் என்பதை முதலீட்டாளர்களிடம் மார்தட்டிக்கொள்வார்கள். கிளையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் பையன்களுக்கும் அன்றாட இலக்கு. விற்க முடியாதவர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் அவர் பெயரில் கணக்கு திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விழுந்தபோது சுமார் 20 லட்சம் கணக்கு என்றார்கள், பிறகு அது 35 லட்சமாயிற்று. 5,300 ஊழியர்களை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். தலைவர் ஜான் ஸ்டம்ஃபிடமிருந்து 6 கோடியே 90 லட்சம் டாலரைப் பேங்க் திரும்பப் பிடித்தது உண்மைதான். 2020இல் அவர் பேங்க் தொழிலுக்கே வரக்கூடாது என்று தடையும் விழுந்தது. ஆனால் வரிசைப்படி பார்த்தால் முதலில் போனது கவுண்டர்காரரின் வேலை.

ஆகவே கிளைக்குப் போகும்போதெல்லாம் "உங்களுக்கு ஒரு கார்டு போட்டுத் தரட்டுமா?" என்று கேட்கிறாரே, அந்தப் பையன் மேல் எரிந்து விழாதீர்கள். அவர் வாயிலிருந்து வருவது ப்ராக்ஸி அறிக்கையின் நாற்பதாம் பக்கம்.

இன்னும் இரண்டு பார்க்கலாம். ஒன்று 'பே ரேஷியோ', தலைவர் சம்பளம் நடுத்தர ஊழியர் சம்பளத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற கணக்கு. 2018 முதல் இதைப் போட்டாக வேண்டும். சென்னை, ஹைதராபாத் ஆபீஸ்களில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற நம் பிள்ளைகளும் அந்த ஊழியர் கணக்கில் உண்டு. இன்னொன்று சம்பளத்தின் மேல் பங்குதாரர் ஓட்டு. 2010ஆம் வருடச் சட்டம் கொடுத்த உரிமை. ஓட்டு ஆலோசனைக்குத்தான், கட்டுப்படுத்தாது. 2022 மே மாதம் டைமனின் சம்பளத்துக்கு 31 சதவீதம் பேர்தான் கை தூக்கினார்கள். முந்தின வருடம் அவருக்குத் தனியாக 5 கோடியே 26 லட்சம் டாலர் மதிப்பில் கொடுத்த விசேஷப் பரிசுதான் காரணம். தோற்ற பிறகும் பரிசு பரிசாகவே இருந்தது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பதை நிறுத்த ஓட்டு மட்டும் போதாது போல.

என் 11 பங்குக்கு நானும் 'வேண்டாம்' என்று அமுக்கினேன். அமுக்கிவிட்டுத் தூங்கினேன்.

யூனியன் யாருடையது

இப்போது அந்தத் தம்பி கேள்விக்கு வருகிறேன். சீட்டுக் கம்பெனி மாதிரி இல்லை தம்பி, நம்மூர் சொசைட்டி மாதிரி. சும்மா ஒப்புக்குச் சொல்லவில்லை, வம்சாவளியே அதுதான்.

1890களில் மதராஸ் அரசாங்கம் ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை, குடியானவர்களைக் கந்துவட்டியிலிருந்து மீட்க வழி பார்த்து வா என்று ஐரோப்பாவுக்கு அனுப்பியது. அவர் இரண்டு பாகமாக எழுதிக் கொடுத்த அறிக்கையின் சாரம், 'ராய்ஃபைசனைக் கண்டுபிடியுங்கள்' என்பது. ராய்ஃபைசன் ஜெர்மனியில் கிராமக் கடன் சங்கங்களைத் தொடங்கியவர். அதன் தொடர்ச்சியாக 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே வருடம் திருவள்ளூர் பக்கம் திரூரில் சங்கம் தொடங்கியது. 1907இல் பாஸ்டன் ஜவுளிக்கடை முதலாளி எட்வர்ட் ஃபைலீன் உலகம் சுற்ற வந்தவர், இந்தியக் கிராமங்களில் இந்தச் சங்கங்களைப் பார்த்து அசந்துபோனார். ஊர் திரும்பி 1909இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரெடிட் யூனியன் சட்டம் வருவதற்கு முன்னின்றவர்களில் அவர் ஒருவர். அதற்கு ஒரு வருடம் முன்பே நியூ ஹாம்ப்ஷயரில் மான்செஸ்டர் ஊர் ஆலைத் தொழிலாளிகளுக்காக, கனடாவிலிருந்து வந்த அல்ஃபோன்ஸ் தெஜார்தான் உதவியோடு அமெரிக்காவின் முதல் யூனியன் திறந்தாயிற்று. 1934இல் ரூஸ்வெல்ட் கையெழுத்தில் நாடு முழுக்கச் சட்டம். இந்தக் கதையை அப்பாவிடம் போனில் சொன்னேன். "நம்ம சரக்கா அது?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் சிரித்தார்.

அமைப்பு இப்படி. சேரும்போது ஒரு பங்கு வாங்கவேண்டும். பெரும்பாலான இடத்தில் 5 டாலர். அந்த 5 டாலர் சேமிப்புக் கணக்கிலேயே கிடக்கும், விலகும்போது திருப்பிக் கொடுப்பார்கள். ஐந்து டாலர் போட்டவருக்கும் ஒரு ஓட்டு, ஐந்து லட்சம் போட்டவருக்கும் ஒரு ஓட்டு. ஃபெடரல் யூனியன்களில் (மாநிலச் சட்டத்தில் இல்லாமல் நாட்டுச் சட்டத்தில் பதிவானவை) இயக்குநர்கள் சம்பளம் இல்லாமல் வேலை செய்கிறார்கள், ஒருவருக்கு மட்டும் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது. சந்தையில் விற்கும் பங்கு இல்லாததால், தலைமை அதிகாரிக்குப் பங்காகக் கொடுக்கவும் வழி இல்லை. லாபத்துக்கு வருமான வரி கிடையாது. பேங்குகாரர்களுக்கு இதில் தீராத மனத்தாங்கல்.

டெபாசிட்டுக்கு அரசாங்கக் காப்பீடு பேங்கில் எஃப்.டி.ஐ.சி. என்றால், இங்கே யூனியன்களைக் கண்காணிக்கும் என்.சி.யு.ஏ. இரண்டிலும் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை அரசாங்கப் பொறுப்பு. சில மாநில யூனியன்கள் மட்டும் தனியார் காப்பீட்டில் இருக்கின்றன. என்.சி.யு.ஏ. அட்டை கதவில் இல்லாத யூனியனில் நான் ஒரு டாலர்கூடப் போடமாட்டேன்.

இதற்காக யூனியன்காரர்கள் எல்லாம் உத்தமர்கள் என்று சொல்ல வரவில்லை. நியூயார்க்கில் முனிசிபல் கிரெடிட் யூனியன் தலைவர் காம் வாங் கிட்டத்தட்ட ஒரு கோடி டாலரை விழுங்கி, அதில் லட்சக்கணக்கில் லாட்டரிச் சீட்டு வாங்கி, 2019இல் ஐந்தரை வருடச் சிறைத் தண்டனை பெற்றார். குவீன்ஸில் மெல்ரோஸ் யூனியன் டாக்ஸி பர்மிட்டுகள் மேலேயே கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. ஊபர் வந்து பர்மிட் விலை விழ, 2018இல் இழுத்து மூடினார்கள். டெபாசிட்காரர்களுக்கு உச்சவரம்புக்குள் இருந்த பணம் பத்திரம். இருப்பதிலேயே பெரிய யூனியனான நேவி ஃபெடரலை, முன்னறிவிப்பில்லாமல் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் செலவானால் போடும்) கட்டணம் பிடித்ததற்காக 2024 நவம்பரில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 9 கோடியே 50 லட்சம் டாலர் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தலைவர் சம்பளம் பேங்கில் எவ்வளவு அநியாயமாக இருந்தாலும் எழுதி வைத்தாக வேண்டும். மாநிலச் சட்டத்தின் கீழ் பதிவான யூனியன்களும் பொதுவாக வருமான வரித் துறைக்கு 990 என்ற படிவம் கொடுக்கவேண்டும். ஏழாம் பகுதியில் அதிகாரிகள் சம்பளம் இருக்கும், ப்ரோபப்ளிகா தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். பெரிய யூனியன்களில் வருடம் பத்து லட்சம் டாலரைத் தாண்டியவர்களும் அதில் உண்டு. ஃபெடரல் யூனியன்களுக்கோ இந்தப் படிவமே கிடையாது. உறுப்பினர்தான் முதலாளி என்பார்கள், முதலாளிக்குச் சம்பளக் கணக்கு மட்டும் தெரியாது! அப்பா சங்கத்தில் வருடாந்திரப் பேரவையில் செயலாளர் சம்பளம் முதல் சைக்கிள் பஞ்சர் செலவு வரை சத்தமாக வாசிப்பார்கள். அம்மாவுக்கு அது மானக்கேடு. "ஊரே நம்ம வருமானத்தைக் கேக்குது" என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள்.

யூனியனைத் தேர்ந்தெடுப்பது

என்.சி.யு.ஏ. தளத்தில் ஜிப் கோடு போட்டால் பக்கத்து யூனியன்கள் எல்லாம் வரும். எல்லாவற்றிலும் எல்லாரும் சேர முடியாது. ஒன்று, குறிப்பிட்ட கம்பெனி ஊழியராக இருக்கவேண்டும். இல்லை, குறிப்பிட்ட கவுண்டிக்காரராக. பல கவுண்டி யூனியன்களின் விதியில் 'வசிப்பவர், வேலை செய்பவர், படிப்பவர், வழிபடுபவர்' என்று நாலும் இருக்கும். கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். கேன்டனில் குடியிருந்து பாண்டியாக் பராசக்தி கோயிலுக்குத் தவறாமல் போகிறவர், விதியில் அந்தச் சொல் இருந்தால் ஓக்லண்ட் கவுண்டி யூனியனிலும் கேட்டுப் பார்க்கலாம். அம்மன் வேறு என்னென்னவோ தருகிறாள், கார் லோனும் தரட்டுமே. உறுப்பினரின் குடும்பத்தாரும் சேரலாம். (தமிழ்ப் பள்ளித் தம்பி அந்தக் கணக்கில் வரமாட்டார்.) ஒருமுறை சேர்ந்துவிட்டால் ஊர் மாறினாலும் உறுப்பினராகவே தொடரப் பெரும்பாலானவை விடும். விசாவோடு ஊர் ஊராகப் போகிறவர்களுக்கு இது பெரிய சௌகரியம்.

மூன்று யூனியனைக் குறித்துக்கொண்டு கட்டணப் பட்டியலைக் கேளுங்கள். ஓவர்டிராஃப்ட் எவ்வளவு, வயர் (பேங்க் வழியாக நேரடியாகப் பணம் அனுப்புவது) எவ்வளவு, மாதக் கட்டணம் உண்டா. பட்டியலைத் தர இழுத்தடிக்கும் இடத்தை அப்போதே அடித்துவிடுங்கள். பிறகு அதே என்.சி.யு.ஏ. தளத்தில் யூனியனின் காலாண்டு அறிக்கை. நான் பார்ப்பது 'நெட் வொர்த் ரேஷியோ' ஒன்றுதான், மொத்தச் சொத்தில் யூனியனின் சொந்த மூலதனம் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மூலதனம் நல்ல நிலையில் என்று அரசாங்கமே சொல்கிறது.

வட்டியில் எங்கே லாபம் தெரியும்? சேமிப்பில் பெரிதாக இல்லை, இணைய பேங்குகள் சில சமயம் கூடுதலாகவே தரும். கடனில்தான் தெரியும். ஃபெடரல் யூனியன் கிரெடிட் கார்டில் வருடம் 18 சதவீதத்துக்கு மேல் வட்டி போட முடியாது. பேங்க் கார்டுகளோ இருபதைத் தாண்டி ஓடுகின்றன. எங்கள் ஹோண்டா பைலட் கடனை 7.2இலிருந்து 5.4க்கு மாற்றினோம். என் 60 டாலர் கோபத்தை அதுதான் ஆற்றியது.

மாறும் இரண்டு மாதம்

பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி எண், முகவரிக்கு ஒரு கரண்ட் பில், ஐந்து டாலர். அரை மணி நேர வேலை. பெயர்கள் கொஞ்சம் திகைக்க வைக்கும். சேமிப்புக் கணக்கை 'ஷேர்' என்பார்கள், அன்றாடச் செலவுக்கான செக்கிங் 'ஷேர் டிராஃப்ட்', தவணை வைப்பான சி.டி. 'ஷேர் சர்டிஃபிகேட்', வட்டி 'டிவிடெண்ட்'. வரிக் கணக்கில் அந்த டிவிடெண்ட் வட்டியாகத்தான் வரும், 1099 இன்ட் படிவத்தில். டெபிட் கார்டு ஓவர்டிராஃப்டுக்குச் சம்மதமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். நீங்கள் சம்மதிக்காமல், கடையில் கார்டு தேய்ப்பதற்கு ஓவர்டிராஃப்ட் கட்டணம் பிடிக்க முடியாது. பேங்க், யூனியன் இரண்டுக்கும் இந்த விதி பொருந்தும்.

பழைய கணக்கை அன்றைக்கே மூடிவிடாதீர்கள். அவசரப்பட்டு மூடியவர்கள் கதையைத்தான் பே-ரோலில் நான் மாதாமாதம் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை சம்பளம் மூடிய கணக்குக்குப் போய், திரும்பி வந்து, அடுத்த புதன் வரை ஆள் கையில் காசில்லாமல் நிற்பார்.

செய்யவேண்டியது இது. முதல் சம்பளத்தில் 50 டாலர் மட்டும் புதுக் கணக்குக்கு, மீதி பழையதுக்கு என்று பிரித்துப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலான பே-ரோல் மென்பொருளில் இது இரண்டு வரி வேலை. சில கம்பெனிகளில் புதுக் கணக்கைச் சோதிக்க முதலில் பூஜ்ய டாலர் அனுப்புவோம், சோதனை முடியும்வரை அந்தத் தொகை காகிதச் செக்காக வரலாம். அது 50 டாலருக்கு வந்தால் பரவாயில்லை, முழுச் சம்பளத்துக்கு வந்தால் வாடகை தேதியில் கழுத்தைப் பிடிக்கும். 50 டாலர் ஒழுங்காக விழுந்த பிறகு முழுவதையும் திருப்புங்கள்.

இதற்கிடையில் பழைய கணக்கின் பன்னிரண்டு மாத ஸ்டேட்மெண்டையும் இறக்கி, தானாகப் போகும் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏன் பன்னிரண்டு? மாதச் செலவு நினைவிருக்கும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போகும் கார் இன்ஷூரன்ஸ் இருக்காது. காஸ்ட்கோ சந்தா, குடியிருப்புச் சங்கப் பணம், தமிழ்ப் பள்ளிக் கட்டணம், எல்லாம் அந்தத் தாளில் வரவேண்டும். என் தாளில் 19 வரி வந்தது. ஐந்தாவது வரி, பார்க்காமலே மூன்று வருடம் கட்டிய ஒரு யோகா ஆப். ஒவ்வொன்றாக மாற்றி டிக் அடியுங்கள். வரி ரீஃபண்ட் வரவேண்டியிருந்தால் அது வந்து சேரும்வரை பழைய கணக்கைத் தொடவே வேண்டாம்.

ஊருக்குப் பணம் அனுப்புவதைத் தனியாகச் சொல்லவேண்டும். நாம் பயன்படுத்தும் பணம் அனுப்பும் ஆப்களில் புதுக் கணக்கின் ரவுட்டிங் எண்ணைச் சேர்த்தால், 12 சென்ட், 31 சென்ட் என்று இரண்டு பொடித் தொகை வந்து விழும். அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் கணக்கு உறுதியாகும். யூனியன் சின்னதாக இருந்தால் பட்டியலில் பெயரே இருக்காது, கையால் எண்ணைப் போடும் வழியைத் தேடுங்கள். முதல் தடவை சின்னத் தொகையாக அனுப்பிப் பாருங்கள். ஸெல் (போனிலேயே உடனுக்குடன் பணம் அனுப்பும் வசதி) உண்டா என்று சேரும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், எல்லா யூனியனிலும் இல்லை.

எதிர்த்திசைதான் சிக்கல். ஊரில் மனையை விற்று என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து (வெளிநாட்டில் இருப்பவர் ஊரில் வைத்திருக்கும் கணக்கு) இங்கே கொண்டுவர நினைத்தால், பல யூனியன்களுக்குச் வெளிநாட்டுப் பணம் வாங்கத் தேவையான ஸ்விஃப்ட் கோடு சொந்தமாக இருக்காது. நடுவில் ஒரு பேங்க் வழியாகத்தான் வரும். அதன் விவரத்தை எழுத்தில் வாங்கி, ஊர் பேங்க் மேனேஜர் கையில் கொடுத்த பிறகே அனுப்பச் சொல்லவேண்டும். எங்கள் பங்கு நிலத்துக் காசு வந்தபோது கணவரோடு சேர்ந்த பேங்க் கணக்கில்தான் வாங்கினோம். அந்தக் கணக்கு இன்னும் இருக்கிறது. கொள்கைக்காகத் தலையைக் கொடுக்க நான் தயாரில்லை.

ஏ.டி.எம். பற்றிக் கவலை வேண்டாம். யூனியன்கள் சேர்ந்து நடத்தும் கோ-ஆப் வலையில் நாடு முழுக்க 30,000க்கு மேல் இருக்கின்றன. பகிர்வுக் கிளை ஏற்பாட்டில் சேர்ந்த யூனியன் என்றால் வேறு ஊர் யூனியன் கவுண்டரில்கூடச் செக் போடலாம். ஆப் மட்டும் பெரிய பேங்க் அளவுக்கு வழவழப்பாக இருக்காது. எங்களுடையது பனிக்காலத்தில் மிச்சிகன் ரோடு மாதிரி, போய்ச் சேரும், ஆட்டம் போட்டுக்கொண்டு.

இரண்டு சம்பளம் முழுதாக விழுந்து, தாளில் எல்லா வரியிலும் டிக் விழுந்த பிறகு பழைய கணக்கைப் பூஜ்யமாக்கி, மூடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மூடியதற்கு ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். வெறும் பூஜ்யமாக விட்டுவைத்தால் மாதக் கட்டணம் விழுந்து மைனஸில் போகும். மூடிய பிறகும் மறந்துபோன ஏதாவது பில் வந்து தட்டினால் கணக்கை மறுபடி திறந்துவிடும் பேங்குகள் உண்டு. அப்போது கடிதம்தான் ஆயுதம். செக்கிங் கணக்கை மூடினால் கிரெடிட் ஸ்கோர் இறங்குமோ என்று பயப்படவேண்டாம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

ஆண்டுக் கூட்டம்

சேர்ந்தவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இதற்குப் போவதில்லை என்று நினைக்கிறேன். ஃபெடரல் யூனியன் துணைவிதிப்படி 15 உறுப்பினர் இருந்தாலே கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்சத் தலைக்கட்டு. போன வருடம் எங்கள் யூனியன் கூட்டத்தில் தலைகளை எண்ணினேன். 23 பேர், அதில் இயக்குநர்கள் மட்டும் ஏழு. இயக்குநர் குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை, சம்பளமில்லாமல் பன்னிரண்டு வருடமாக இருக்கிறாராம். பின்னால் காபி, எலுமிச்சைக் கேக். கடைசியில் 'புதிய விஷயங்கள்' என்று வந்ததும் கையைத் தூக்கி, தலைமை அதிகாரிக்கு எவ்வளவு சம்பளம், எந்த எண்ணை வைத்து அவருக்கு போனஸ் என்று கேட்டேன். அறை கொஞ்சம் சில்லிட்டது. ஆசிரியை கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டார். அதை வெளியிடும் வழக்கம் இல்லை, ஆனால் கேள்வியை மினிட்ஸில் எழுதிக்கொள்கிறோம் என்றார். போனஸ் கணக்கில் உறுப்பினர் திருப்தியும் கடன் பாக்கி அளவும் உண்டு, எத்தனை கார்டு விற்றோம் என்பது இல்லை என்று மட்டும் சொன்னார். வெளியே வரும்போது ஒரு தாத்தா என் கையைப் பிடித்து, முப்பது வருடமாக வருகிறேன், இதை யாரும் கேட்டதில்லை என்றார்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டேன். "மினிட்ஸ் நகல் வாங்கினியா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. வாங்கவில்லை. அடுத்த கூட்டம் ஏப்ரலில், வியாழன் சாயங்காலம் ஆறு மணிக்கு. தமிழ்ப் பள்ளித் தம்பி ஐந்து டாலர் கட்டிச் சேர்ந்துவிட்டார், வருகிறேன் என்றிருக்கிறார். இன்னும் நாலு பேர் வந்தால் இரண்டு காரில் போய்விடலாம்.